பார்க்காமல் வளர்த்த மாடு

லகா தீமா என்ற எங்கள் ஊரிலேயே சுத்தமான ஆள் யார் என்று கேட்டால் பள்ளிவாசல் இமாமின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். ஜுனேதி என்பார்கள். அவன் அளவுக்குக் குளித்தவன் அந்த மலைச்சரிவில் கிடையாது. எவன் வீட்டு எருது தீனியை விட்டாலும் ஜுனேதி குளிக்க வேண்டும். எவள் கைக்குழந்தை காரணமில்லாமல் வீறிட்டாலும் ஜுனேதி குளிக்க வேண்டும். பல் தந்தியடிக்கும் பனிக்காலத்து விடியற்காலையில் ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டு வந்து கதவைத் தட்டுவார்கள். அவன் எதுவும் கேட்காமல் சட்டையைக் கழற்றுவான்.

அவனுக்குக் கொள்ளிக்கண். கண் போட்டவன் கழுவிய தண்ணீரைக் கண் பட்ட உயிரின் மேல் ஊற்றினால் கெடுதல் இறங்கிவிடும். அதனால் அவன் காலடியில் அகலப் பாத்திரம் வைத்து, ஒரு சொட்டும் மண்ணில் சிந்தாமல் பிடித்துக்கொண்டு போவார்கள். சோப்பு மட்டும் யாரும் கொண்டுவந்ததில்லை.

இதெல்லாம் மீசை அரும்பிய வயதில் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அமதேயின் அப்பா ஓர் எருதைக் கொழுக்க வளர்த்து வைத்திருந்தார். ஜுனேதி அதைப் பார்த்து, "அடேயப்பா, இது மாடா மலையா!" என்று வாயைப் பிளந்தான். கூடவே, கண் படாமலிருக்கச் சொல்கிற 'மாஷா அல்லாஹ்'வையும் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். மறந்துவிட்டான். மறுநாள் அந்த எருது அடுக்கு வயலின் விளிம்பில் வழுக்கி, கீழ் வயலில் விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டது. இரவு முழுக்க மழை கொட்டியதையும், அமதேயின் அப்பா கயிற்றைச் சரியாகக் கட்டாததையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மழையைப் பிடித்துக் குளிக்கவைக்க முடியாதல்லவா?

பிறகு ஒரு வருஷம் ஜிமாத் தோட்டங்கள் பனியில் கருகிப்போயின. மத்தியானத் தொழுகை முடிந்ததும் ஊர் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து கன்னம் புடைக்க மெல்லுகிற இலை அது. அது இல்லாத மத்தியானம் அவர்களுக்கு மத்தியானமே இல்லை. பனி ஊர் முழுக்க விழுந்தது. பழி ஜுனேதி தலையில் மட்டும் விழுந்தது. அந்தத் தடவை தோட்டம் தோட்டமாகப் போய்க் குளித்தான்.

அவனும் மறுத்துச் சொன்னதில்லை. தூரத்திலிருந்தே பலமாக இருமிக்கொண்டுதான் தெருவில் வருவான். அந்த இருமல் கேட்டதும் தாய்மார்கள் குழந்தை முகத்தை மூடுவார்கள். மாட்டுக்காரர்கள் மாட்டைத் திருப்பிப் பின்புறத்தை அவன் பக்கம் காட்டி நிறுத்துவார்கள். நாற்பது வயதுக்குள் அவன் பார்த்த மாட்டு வால்களுக்குக் கணக்கே இல்லை.

அவனுக்குக் கல்யாணமே ஆகாது என்று ஊர் நினைத்திருந்தபோது தெய்னபா வந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. புருஷனைச் சாகக் கொடுத்தவள். பேச்சு முடிக்க வந்த அன்று அவளே அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"என்னை நல்லா பாரு."

"வேண்டாங்க."

"பாருன்னா பாரு. பாத்துட்டு, அழகா இருக்கேன்னு சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே 'மாஷா அல்லாஹ்' என்று மூச்சுவிடாமல் ஏழெட்டு முறை முணுமுணுத்துவிட்டு, ஒரு நொடி நிமிர்ந்து, "அழகாத்தான் இருக்கீங்க" என்றான். அவள் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். தலைவலிகூட வரவில்லை.

"உன் கண்ணுல ஒரு மண்ணும் கெடையாது. ஊரை ஏமாத்திக்கிட்டு இருக்க" என்று சொல்லிவிட்டு மூட்டையோடு வந்து சேர்ந்தாள்.

தெய்னபா வந்த பிறகும் ஒரு குறை தீரவில்லை. ஜுனேதிக்கு மாடு கிடையாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ஒற்றை மாடுதான். ஒற்றை மாட்டுக்காரன் இன்னொரு ஒற்றை மாட்டுக்காரனோடு கூட்டுச் சேர்ந்தால் ஓர் ஏர் ஆகிவிடும்; இன்று உன் வயல், நாளை என் வயல். மாடே இல்லாதவன் கூட்டில் எதை வைத்துச் சேர்வான்? அமதேயிடம்தான் வருஷாவருஷம் கெஞ்சினான். அமதேயும் ஏரைக் கொண்டுவருவான். ஆனால் ஜுனேதி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தன் வயல் உழப்படும் சத்தத்தைத் தன் வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து கேட்ட ஒரே விவசாயி அவன்தான். அதுவும் ஊர் முழுக்க உழுது, விதைத்து, முளை எட்டிப் பார்த்த பிறகு. மண்ணின் ஈரம் அதற்குள் பாதி போயிருக்கும். அடுத்தவர் சோளம் ஆளுயரம் நிற்கும்போது அவன் சோளம் ஆட்டுக்குட்டி உயரம் நிற்கும். அமதேயின் ஏருக்குக் கைம்மாறாக ஜுனேதி அவன் வயலில் களை வேறு பிடுங்க வேண்டும், மாட்டைப் பார்க்காமல்.

இதற்கு ஒரு முடிவு கட்ட தெய்னபா தன் அண்ணன் மும்மேயைப் பிடித்தாள். மும்மே பக்கத்து ஊரில் ஜிமா இலைத் தரகன். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான். கன்னத்தில் இலை அடக்காமல் அவன் பேசி யாரும் கேட்டதில்லை. அவனிடம் ஒரு வயசான உழவு மாடு இருந்தது. செம்பழுப்பு நிறம். இனி உழ முடியாது. கொழுக்க வைத்து விற்றால்தான் உண்டு. தெய்னபா அதை வாரத்துக்குக் கேட்டாள். மாடு அவனுடையது, தீனியும் உழைப்பும் இவர்களுடையது. விற்கும்போது மாட்டின் இன்றைய விலை அவனுக்கு. மேற்கொண்டு வருவதில் ஓர் இளங்காளை இவர்களுக்கு.

"உனக்குத் தர்றதுல எனக்கென்ன தங்கச்சி?" என்றான் மும்மே. "உன் புருஷன் கண்ண என்ன பண்றது?"

"நோண்டியா எறிய முடியும்?"

"வேண்டாம். மூடிக்கச் சொல்லு. மாடு விக்கிற வரைக்கும் அவன் மாட்டைப் பாக்கக் கூடாது. ஒரு தடவ பாத்தான்னு காதுல விழுந்துச்சு, அன்னைக்கே அவுத்துக்கிட்டுப் போயிருவேன்."

"பாக்காம எப்படி அண்ணே மாடு வளப்பாங்க?"

"பாத்தாத்தான் தீனி எறங்குமா? வாய் மாட்டுக்குத்தான இருக்கு!"

ஜுனேதி ஒத்துக்கொண்டான். அன்றிலிருந்து கொட்டிலுக்குள் போகும்போதெல்லாம் தோள் சால்வையைத் தலையில் சுற்றி, கண்ணை மறைத்து, பிடரியில் முடிச்சுப் போட்டுக்கொள்வான். நுழையும்போது நிலையில் இடித்துக்கொள்வான். வெளியே வரும்போதும் இடித்துக்கொள்வான். முதல் மாதம் அவன் நெற்றி ஒரு நாளும் ஒரே அளவில் இருந்ததில்லை.

மாட்டுக்கு 'எலும்பன்' என்று பெயர் வைத்தான். கண்ணேறு கழிக்க அதைவிடச் சிறந்த பெயர் அவனுக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் தீனியை முன்னால் வீசிவிட்டுப் போனால் அதற்கு மாடு வளர்ப்பது என்று பேரில்லை. ஊட்ட வேண்டும். சோளத்தோகையை முறுக்கி, உருட்டி, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு ஊட்டுவதுபோல வாயில் வைக்க வேண்டும். அது அசைபோட்டு முடிக்கும்வரை அடுத்த உருண்டையோடு காத்திருக்க வேண்டும். ஜுனேதி எலும்பனின் மூச்சுக்காற்று கையில் படும் இடத்தை வைத்து வாயைக் கண்டுபிடித்தான். சிலசமயம் மூக்கில் ஊட்டினான். எலும்பன் தும்மினால் சோளத்தோகை அவன் முகத்துக்குத் திரும்பி வந்தது.

மழைக்காலத்தில் வயலில் நெருக்கம் குறைக்கக் கலைத்த பயிரும் வரப்புக் களையும் கிடைத்தன. பயிர் வளர வளர அடித்தோகை. பிறகு சர்க்கரைவள்ளிக் கொடி. மும்மே வீட்டு இலைக் கூட்டத்தில் மென்று முடித்து எறிந்த ஜிமாக் காம்புகளை தெய்னபா கூச்சமே இல்லாமல் அள்ளி வருவாள். எலும்பனுக்கு அதில் தனி ருசி. மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் காதை நிமிர்த்திக்கொள்ளும். காம்பு வரத் தாமதமானால் ஊர்ப் பெரியவர்களைப் போலவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

ஊட்டும்போதெல்லாம் ஜுனேதி வாய் ஓயாமல் திட்டுவான்.

"தின்னுடா எலும்பா. தின்னு என்னத்தக் கண்ட? உன்னைக் கசாப்புக் கடையில சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டான். நாய்க்குப் போட்டா நாய்க்குப் பல்லு போயிரும். த்தூ, நீயெல்லாம் ஒரு மாடு. இந்தா, இந்தக் கொழுந்தையும் தின்னு, முள்ளில்லாம பொறுக்கி வச்சிருக்கேன்."

திட்டி முடித்ததும் கையால் தடவிப் பார்ப்பான். விலாவில் முதலில் எலும்பு எண்ண முடிந்தது. மழை ஓய்ந்தபோது எண்ண முடியவில்லை. வால் அடியில் இரண்டு பக்கமும் கொழுப்புக் குமிழ் விட்டது. திமில் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

"எப்படி இருக்கான்?" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பெண்டாட்டியிடம் கேட்பான்.

"யாரு?"

"அவன்தான்."

"செத்த பாம்பு மாதிரி கெடக்கான்" என்பாள் தெய்னபா. அந்தப் பதில் கேட்ட நாளெல்லாம் அவன் இன்னொரு கரண்டி களி கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

அறுவடை முடிந்து, பெரும்பாலும் காய்ந்த சோளத்தட்டைதான் மிஞ்சியது. தெய்னபா தட்டையைக் கல்லில் வைத்து நசுக்கி, நாராகப் பிரித்து, உப்புத் தண்ணீர் தெளித்துக் கொடுப்பாள். கிறித்தவர்களின் பெரிய நோன்பு நடந்துகொண்டிருந்தது. அது முடிகிற பெருநாளில் அடிஸ் அபாபாக்காரர்கள் ஐம்பத்தைந்து நாள் இறைச்சியை எண்ணிப் பார்த்த வெறியோடு மாட்டின் மேல் பாய்வார்கள். எங்கள் மலை மாடு என்றால் வேறு எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்கு முந்தின வாரம் செலெங்கோ சந்தையில் விற்றால் நல்ல விலை. கையோடு காளை வாங்கினால் முதல் மழைக்கு ஏர் பூட்டிவிடலாம். இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அப்போதுதான் காற்று வேலையைக் காட்டியது. ஜுனேதி கொட்டிலில் குனிந்தபோது சால்வை முடிச்சு அவிழ்ந்து பறந்தது. கண்ணை இறுக்குவதற்குள் எதிரே ஒரு திமில் தெரிந்தது. வெயிலில் எண்ணெய் பூசியதுபோல மினுங்கும் செம்பழுப்புத் திமில். அவ்வளவுதான் பார்த்தான். வாய் திறக்கவில்லை. ஆனால் மனசு, 'என்ன அழகு!' என்று சொல்லிவிட்டது. 'மாஷா அல்லாஹ்' வந்தது. ஆனால் ஒரு மூச்சு பிந்தி வந்தது.

அதற்கு மூன்றாம் நாள் எலும்பன் தீனியை விட்டது.

தோகை வைத்தால் நாக்கால் தள்ளியது. தட்டை வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. ஜிமாக் காம்பைக் காட்டினான். முகர்ந்துவிட்டுப் பெருமூச்சு விட்டது. ஜுனேதிக்குத் தெரிந்துவிட்டது. தெய்னபாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஊற்றுக்கு ஓடினான். பாத்திரத்தில் நின்று தலையோடு குளித்து, அந்தத் தண்ணீரை எலும்பன் மேல் ஊற்றினான். அடுத்த நாளும் குளித்தான். அதற்கடுத்த நாள் காது மடலுக்குப் பின்னால், விரலிடுக்கு, தொப்புள் என்று ஒன்று விடாமல் தேய்த்துக் குளித்தான். ஊருக்கெல்லாம் பலித்த தண்ணீர் அவன் மாட்டுக்கு மட்டும் வெறும் தண்ணீராகவே இருந்தது. எலும்பன் நனைந்து நடுங்கியது. தின்னவில்லை.

"தண்ணி சரியில்லடா" என்றான் வேலிக்கு அப்பால் நின்ற அமதே. அவன் முகத்தில் அனுதாபமும் ஆவலும் சரிபாதி. "நீ மனசாரக் குளிக்கல போல."

"குளியல்ல என்னடா மனசு?"

"எனக்கென்ன தெரியும்? நீதான அதுல தேர்ந்தவன்."

அன்று சாயங்காலத்துக்குள் சேதி மும்மேயின் செல்போனுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே கறுப்புக் கண்ணாடியும் கையில் கயிறுமாக வந்து நின்றான்.

"பாத்தியா மச்சான்? உண்மையச் சொல்லு."

ஜுனேதி தலையைக் குனிந்துகொண்டான். "திமில மட்டும். காத்துல துணி பறந்துருச்சு."

"திமில மட்டுமாம்!" மும்மே வாயில் இருந்ததைத் துப்பினான். "திமிலப் பாத்தவன் வாலு வரைக்கும் பாக்காமயா விட்டிருப்பான்? இன்னும் ரெண்டு நாள் விட்டா தோல்தான் மிஞ்சும். செலெங்கோ கசாப்புக்காரன்கிட்ட பேசிட்டேன். வந்த வெலைக்குத் தள்ளிட்டு வர்றேன்."

"அப்ப எங்க காளை?" என்றாள் தெய்னபா.

"காளையா? என் மாடே போச்சேன்னு நான் நிக்கிறேன், இவ காளை கேக்குறா!"

"மூணு வாரம் பொறு அண்ணே."

"மூணு வாரத்துல இவன் இன்னும் எதையெல்லாம் பாத்து வைப்பானோ!"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் சண்டை போடுவான் என்று நினைத்தாள். அவன் சால்வையைக் கண்ணுக்கு மேல் இறுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றான்.

"கொண்டு போகட்டும்" என்றான். "என்கிட்ட இருந்தா செத்துரும். அங்கயாவது..." கசாப்புக் கடைக்குப் போகிற மாட்டுக்கு 'அங்கயாவது' என்ன கிடைக்கும் என்று அவனுக்கே தெரியவில்லை.

மும்மே கொட்டிலுக்குள் போய்க் கழுத்தில் கயிறு மாட்டி இழுத்தான். எலும்பன் அசையவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றது. வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. மும்மே பின்னால் போய்த் தள்ளினான். எலும்பன் ஒரு பிடி சாணியை அவன் புதுச் செருப்பில் இறக்கியது.

தெய்னபாவுக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று போய் ஜுனேதியின் பிடரி முடிச்சை அவிழ்த்தாள். சால்வையைச் சுருட்டிச் சாணிக்குழியில் எறிந்தாள்.

"ஏய், என்ன பண்ற!" என்று மும்மே அலறினான்.

"பட வேண்டிய கண்ணு பட்டாச்சுன்னு நீயே சொல்லிட்ட. இனிமே பாத்தா என்ன ரெண்டாவது தடவ சாகவா போகுது? பாருய்யா. வருஷம் முழுக்க எடுத்து ஊட்டுன, ஒரு தடவ முழுசாப் பாத்துத் தொலை."

ஜுனேதி கண்ணைத் திறந்தான்.

எலும்பன் என்று பெயர் வைத்தவன் எதிரே ஒரு சுவர் நின்றது. நெஞ்சுக்குக் கீழே அலைதாடி மடிப்பு மடிப்பாக மணப்பெண் பாவாடை மாதிரி தொங்கியது. முதுகில் ஒருவன் பாய் விரித்துப் படுக்கலாம். அவன் ஓர் அடி முன்னால் வைத்தான். எலும்பனோ மிரண்டு பின்வாங்கியது. பாவம், அதற்கு ஜுனேதி என்றால் துணி சுற்றிய ஒரு உருண்டை. கண்ணும் மூக்குமாக வந்து நிற்கிற இந்தப் புது ஆள் யாரென்று அதற்கு எப்படித் தெரியும்?

"என்னடா முறைக்கிற, எலும்பா?" என்றான் ஜுனேதி. "நான்தான். உன்னைச் சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்."

குரல் கேட்டதும் எலும்பன் காதை மடித்துக்கொண்டு முன்னால் வந்தது. கையை முகர்ந்தது. வாயைத் திறக்கப் பார்த்து, பாதியில் நிறுத்தியது. இத்தனை நாளாக அவன் கைக்குத் தெரியாத ஒன்று இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. எச்சில் இடது ஓரத்தில் மட்டும்தான் ஒழுகியது. வாய் திறக்கும்போது நாக்கு ஒரு பக்கமாகவே ஒதுங்கியது, எதற்கோ வழி விடுகிற மாதிரி.

"மச்சான், கொம்பைப் பிடி."

"நானா? கடிச்சா?"

"கொம்பு கடிக்காது மச்சான், பிடி."

மும்மே கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கொம்பைப் பிடித்தான். ஜுனேதி ஒரு கையால் நாக்கை இழுத்து வெளியே மடக்கினான். அழுகல் நாற்றம் அடித்தது. மேல் அண்ணத்துக்குக் குறுக்கே, இரண்டு பக்கத்துக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, விரல் நீளச் சோளத்தட்டைச் சிம்பு ஒன்று கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோலச் சிக்கியிருந்தது. சுற்றிலும் சதை வீங்கி அதை முழுங்கிக்கொண்டிருந்தது. முழங்கைவரை கையை விட்டான். எலும்பன் கண்ணை உருட்டியது. மும்மே அதைவிட அதிகமாக உருட்டினான். ஜுனேதி ஒரு திருகு திருகி இழுத்தான். சிம்போடு சீழும் ரத்தமும் அவன் கையில் வழிந்தன.

தெய்னபா சிம்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"நான் மாவு அரைக்கப் போன அன்னைக்குத் தட்டைய நசுக்குனது யாரு?"

"நான்தான்."

"கண்ண மூடிக்கிட்டு?"

"உங்க அண்ணன்தான் மூடச் சொன்னாரு."

"தீனிய நசுக்கும்போதுமாய்யா?"

"மாடு பக்கத்துல நிக்குது. எங்க தப்பித் தவறி பட்டுருமோன்னு..."

அவள் அண்ணனைப் பார்த்தாள். எங்கள் ஊரில் கொள்ளிக்கண் ஜுனேதிக்குத்தான் என்று யார் சொன்னது? அந்தப் பார்வைக்கு மும்மே எருதாக இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பான்.

"நான் மாட்டைப் பாக்க வேண்டாம்னு சொன்னேன்" என்று முனகினான். "தட்டையப் பாக்க வேண்டாம்னா சொன்னேன்?"

தெய்னபா உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து வாயைக் கழுவிவிட்டாள். மத்தியானம்வரை எலும்பன் சும்மா நின்றது. பிறகு ஜுனேதி தளிராகப் பார்த்து ஒரு சர்க்கரைவள்ளிக் கொடியைச் சுருட்டி நீட்டினான். எலும்பன் அதை நாக்கால் வளைத்தது. மெல்லவும் செய்தது. மும்மே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று, "நான் கொம்பைப் பிடிக்கலேன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க" என்றான். மூன்று வாரத்துக்குப் பிறகு நேராகச் சந்தைக்கு வருவதாகவும் சொன்னான்.

அந்த மூன்று வாரம் ஜுனேதி செய்த கூத்து கொஞ்சமில்லை. காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பான். தொழுதுவிட்டு வந்து பார்ப்பான். ஒவ்வொரு உருண்டையையும் விரித்துப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்தான். போன சதை திரும்பி வந்தது. "என்னை எப்பவாவது இப்படிப் பாத்திருக்கியாய்யா?" என்று தெய்னபா கேட்டாள். அவன் பதிலுக்கு 'மாஷா அல்லாஹ்' என்றான். மாட்டுக்கா தனக்கா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

சந்தையில் எலும்பனைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அடிஸ் அபாபா வியாபாரி ஒருவர் வந்தார். வால் அடியைக் கிள்ளினார், விலாவை அழுத்தினார், நெஞ்சுக் கொழுப்பைக் கைநிறைய அள்ளிப் பார்த்தார். பிறகு வியாபாரிகளின் வழக்கப்படி உதட்டைப் பிதுக்கினார்.

"என்னப்பா, எலும்பும் தோலுமா கொண்டுவந்திருக்கீங்க?"

மும்மே சிரித்துக்கொண்டே சால்வையை விரித்தான். அதற்கடியில் இரண்டு பேரும் கைகோத்து விரலாலேயே விலை பேச வேண்டும், அதுதான் முறை. ஆனால் ஜுனேதிக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. வருஷம் முழுக்க அதே வார்த்தையைச் சொல்லியே ஊட்டியவன்.

"யாரைப் பாத்துய்யா எலும்பும் தோலுங்கிற? உன் ஜென்மத்துல இப்படி ஒரு மாட்டைப் பாத்திருக்கியா? அந்தத் திமிலப் பாரு! அந்த நெஞ்சப் பாரு! இந்த மலையிலயே இவன மாதிரி அழகன் எவனும் பொறக்கல!"

மும்மே அவன் காலை மிதித்தான். சுற்றி நின்ற லகா தீமாக்காரர்கள் வெலவெலத்துப்போய், அமதே தலைமையில், "மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்!" என்று கோரஸாகக் கத்தினார்கள். வியாபாரி ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஓர் அடி பின்னால் போனார். ஆனாலும் மாட்டுக்காரனே இப்படித் துள்ளினால் மாட்டில் விஷயம் இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். சால்வைக்கடியில் கையை நீட்டினார். விரல்கள் வெகுநேரம் சண்டை போட்டன. கடைசியில் மும்மே இலை அடக்கிய கன்னம் தெரியச் சிரித்தான்.

லாரியில் ஏற்றும்போது எலும்பன் முரண்டு பிடித்தது. அடித்துப் பார்த்தார்கள், வாலை முறுக்கிப் பார்த்தார்கள். ஜுனேதி போய்ச் சரிவுப் பலகையில் முதலில் ஏறி நின்று, "வாடா கழிசடை, வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிற" என்றான். எலும்பன் நல்ல பிள்ளையாக அவன் பின்னால் ஏறியது. அவன் இறங்கிவிட்டான். அது இறங்கவில்லை. லாரி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். "போதும் வாடா, லாரி டயர் வெடிச்சுரப் போகுது" என்று அமதே தோளைத் தட்டினான். ஜுனேதி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான்.

அன்றே கறுப்பு நிறத்தில் ஓர் இளங்காளை வாங்கினார்கள். வீட்டுக்கு நடத்திக்கொண்டு வரும்போதே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. சிம்பு, அண்ணம் என்றெல்லாம் தெய்னபா விளக்கிப் பார்த்தாள். ஒருவரும் கேட்கத் தயாராயில்லை. செத்த மாடு எழுந்து நின்றது மூன்று நாள் விடாமல் ஊற்றிய தண்ணீரால்தான் என்று தீர்மானமாகிவிட்டது. அடுத்த வாரமே இரண்டு குடங்கள் கதவுக்கு வந்தன. ஜுனேதி குளித்துக் கொடுத்துவிட்டு, "மாட்டு வாயையும் ஒரு தடவ தெறந்து பாருங்க" என்று சொல்லி அனுப்பினான். தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் மழை ராத்திரியில் பெய்தது. காலையில் மண்ணை மிதித்தால் செருப்பில் ஒட்டியது. காளை கொட்டிலில் நின்றது, ஒற்றையாக. ஏருக்கு இன்னொரு மாடு வேண்டும். ஜுனேதி கலப்பையைத் துடைப்பதும், வாசலைப் பார்ப்பதும், மறுபடி துடைப்பதுமாக இருந்தான். யாரிடமும் போய்க் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்டால் மறுபடியும் மாட்டு வாலைத்தான் காட்டுவார்களோ என்னவோ.

வெயில் ஏறுவதற்கு முன் வேலிக்கு வெளியே அமதே வந்து நின்றான். கையில் தன் மாட்டின் கயிறு. மாடு நேராக, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"எப்பவும் என்கூடக் கூட்டுச் சேர்றவன் மாடு சினை..." என்று ஆரம்பித்து, எருது சினையாகாது என்று நினைவு வந்து நிறுத்தினான். "நொண்டுது" என்றான்.

"ரொம்பவா?"

"நொண்டுதுன்னு சொன்னா நொண்டுது. இன்னைக்கு ஈரம் போயிட்டா அப்புறம் கல்லைத்தான் உழணும். நுகத்தடிய எடு."

"உன் மாட்டைப் பாக்காம நான் ஏர் ஓட்ட முடியாது அமதே. பின்னாலயே நடக்கணும்."

"அது எனக்குத் தெரியாதாடா?" அமதே எரிச்சலோடு கயிற்றை அவன் கையில் திணித்தான். "பாரு. பாத்துக்கிட்டே ஓட்டு. வாய மட்டும் தெறக்காத. தெறந்தா திட்டு."

நுகத்தடியில் இரண்டையும் பூட்டினார்கள். கறுப்புக் காளை குட்டை, அமதேயின் மாடு நெட்டை, நுகம் கோணிக்கொண்டது. ஜுனேதி மேழியைப் பிடித்து, "ஹை, கழுதைக்குப் பொறந்தவனுங்களா" என்று அன்போடு அதட்டினான். முதல் சால் பாம்பு ஊர்ந்ததுபோல வளைந்து வளைந்து போனது. வேலி ஓரத்தில் நின்ற தெய்னபா அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்த வருஷம் லகா தீமாவில் போட்ட முதல் சால் அதுதான்.